தாலினைச் சுற்றிக் காட்டியவர்

அவருடைய கழுத்தில் எப்போதும் ஒரு கமெரா தொங்கும். அதற்குள் பிலிம் கிடையாது. இது எனக்குத் தெரியவந்தது எங்கள் அலுவலகத்துக் கிறிஸ்மஸ் தேநீர் விருந்தில். எல்லோரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, உயரமானவர்களைப் பின்னுக்கு அனுப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு படம் எடுத்தார். எங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் அம்மா, சாதாரணமாகக் கண்ணாடி பார்க்காதவர், தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு நின்றார். படம் எப்போது கிடைக்கும் என்று நான் கேட்டபோது, இது படம் எடுக்கிற கமெரா இல்லை என்றார். பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"போடுறதுக்கு, தங்கச்சி," என்றார்.

கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சொலிசிட்டர் அம்மா தை மாதம் முழுக்க அந்தப் படங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்தவள். கணக்கியலுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதற்குள் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டு ஊர் எரியத் தொடங்கி, ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க, ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சொலிசிட்டர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. வந்தவர் 'என்னை அடித்தார்கள்' என்றால் நானும் 'என்னை அடித்தார்கள்' என்றுதான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஆங்கிலத்தில் நான் வாங்காத அடி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகவே தூங்குவேன். பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் எங்கள் மாடிப்படியேறி வந்தார். கழுத்தில் கமெரா, கையில் மடித்த லண்டன் வரைபடம். வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்த்தார். மழை ஒழுகிக் கறைபட்ட கூரை. அதை ஒரு தேவாலயத்து ஓவியத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். அலுவலகத்தில் காத்திருந்த கடைசி ஆளும் எழுந்துபோகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்து, தன் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்றார்.

ஊர் சுற்றிக் காட்டுகிறவர் என்பதால் நாங்கள் அவரை 'கைட் அண்ணை' என்று கூப்பிட்டோம். அவருடைய உண்மையான பெயர் கோப்பில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

ஒரு இடத்தில் சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றால் எதிரே இருக்கும் கட்டடத்தைப் பார்ப்பார். எதிரே கட்டடம் இல்லாவிட்டால் மரத்தைப் பார்ப்பார். வரைபடத்தை விரிப்பார், தெருப்பெயரைப் பார்ப்பார், திருப்தியாகத் தலையை ஆட்டுவார், மடிப்பார். ஈஸ்ட் ஹாமில் அவர் மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தார். வரைபடம் இல்லாமல் பேக்கரிக்குப் பாண் வாங்கக்கூடப் போகமாட்டார். இது என்ன விசர்ப் பழக்கம் என்று ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"பாக்க வந்தவனை ஒருத்தரும் ஏன் வந்தனீ எண்டு கேக்கமாட்டினம்," என்றார்.

இதை அவர் எல்லோருக்கும் சொல்வார். குடிவரவு அலுவலகத்தில் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடப் போகும்போது கியூவில் நிற்பவர்களுக்கும் சொல்வார். அந்த கியூவில் மற்ற எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் ஒருவர் மட்டும் மேலே பார்ப்பார். ஒருமுறை வாசல் காவலாளியிடம் போய், அந்தக் கட்டடம் எப்போது கட்டியது என்று விசாரித்தார். அது ஒரு சாம்பல் நிறக் கொங்கிறீட் பெட்டி. அதைப் பற்றி யாரும் அந்த மனிதனிடம் அதுவரை ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் மகிழ்ந்துபோய், முன்பு அது ஒரு காப்புறுதிக் கம்பனியின் அலுவலகம் என்பதில் தொடங்கி, லிப்ட் வேலைசெய்யாத கதைவரை சொன்னான். அதற்குப் பிறகு கைட் அண்ணையைக் கண்டால் அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைப்பான். கியூவில் நின்ற எங்கள் ஆட்கள் இவருக்கு உள்ளே யாரோ பெரிய ஆள் இருக்கிறான் என்று நம்பினார்கள். இரண்டு பேர் என்னிடம் வந்து, அவருடைய சொலிசிட்டரையே தங்களுக்கும் பிடித்துத் தரச்சொல்லிக் கேட்டார்கள்.

வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஒரு பெற்றோல் நிலையத்தில் சேர்ந்தார். அங்கேயும் சீருடைக்கு மேல் கமெரா. ஒரு பின்னேரம் ஒரு பொடியன் கத்தியோடு உள்ளே வந்து கல்லாவைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். இவர் கமெராவைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அவனைப் படம் எடுத்தார். அவன் கத்தியையும் போட்டுவிட்டு ஓடிவிட்டான். பொலிஸ் வந்தது. மிகவும் பாராட்டினார்கள். பிறகு பிலிமைக் கேட்டார்கள். பிலிம் இல்லை என்றார். பிலிம் இல்லாமல் ஏன் கமெரா என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். கல்லாவுக்குப் பின்னால், பெற்றோல் கம்பனிச் சீருடையில் நின்றுகொண்டு, இவர் நிமிர்ந்து பதில் சொன்னார்.

"ரூரிஸ்ற், சேர்."

சுற்றுலாப் பயணி என்று அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீருடை போட்ட யாராவது கேள்வி கேட்டால் அவர் வாயில் அந்தச் சொல் தானாக வந்துவிடும். அது தாலினில் பழகியது.

எஸ்தோனியாவின் தலைநகரம் தாலின். பால்டிக் கடலோரம், கோட்டைச் சுவரும் கூர்க்கோபுரங்களும் கல் பதித்த தெருக்களுமாய், நூற்றாண்டுக் கணக்காக அப்படியே நிற்கிற ஊர். ஐரோப்பியர்கள் காசு செலவழித்துப் பார்க்கப் போகும் இடம். எங்கள் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து ரயிலில் தாலின், அங்கிருந்து கப்பலில் சுவீடன், பிறகு லண்டன் என்று, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். தாலினில் ஏழே நாள், ஒரு கிழமை என்றான். பனிகாலம் முழுக்க அங்கேதான் கழிந்தது.

ஒன்பது பொடியன்களும் இவரும் ஒரு வீட்டில். வீட்டுக்காரி ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது எல்லோரையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள், சாயங்காலம் வந்துதான் திறப்பாள். முன்பின் தெரியாத பத்து ஆண்களை வீட்டில் விட்டுவிட்டு யார்தான் போவார்கள், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே உறைபனி. கறுத்த ஆட்கள் பத்துப் பேர் விசாவும் இல்லாமல் ஒரு தெருமுனையில் சும்மா நின்றால் அரைமணி நேரத்தில் பொலிஸ் வரும், அடுத்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பும். ஏஜென்சிக்காரன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஆளுக்கொரு பழைய கமெரா வாங்கிக் கொடுத்தான். பிலிம் தரவில்லை, அது வீண்செலவு. ஒரு ஆங்கில வரைபடமும் ஒரு சிவப்புக் குடையும் கொடுத்து, ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து விளக்கம் சொல்லவேண்டும், மற்றவர்கள் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும், யார் கேட்டாலும் ரூரிஸ்ற் என்று சொல்லவேண்டும் என்றான். இவர் ஊரில் ஒலிபெருக்கி கட்டிய காரில் மரண அறிவித்தலும் படக் கொட்டகை அறிவித்தலும் செய்துகொண்டிருந்தவர். குடை இவர் கைக்கு வந்தது.

அப்படித்தான் பத்து யாழ்ப்பாணத்தார் ஒரு பனிகாலம் முழுவதும், ஞாயிறு விடுமுறையும் இல்லாமல், தாலின் நகரைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்னேரம் மூன்றரைக்கே அங்கே இருட்டிவிடும். இருட்டிலும் பார்த்தார்கள்.

அந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. நெட்டைக்கால் வீதி, கட்டைக்கால் வீதி என்று இரண்டு தெருக்கள் குன்றிலிருந்து இறங்குகின்றனவாம். கடல் பக்கம் இருக்கும் தடித்த கோபுரத்துக்குப் பெயர் குண்டு மார்கரெட்டாம். இந்தப் பெயர்களை அவர் இட்டுக்கட்டுகிறார் என்று நினைத்து நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் உண்மை. கதைகள்தான் பொய். குண்டு மார்கரெட் ஒரு மாமியார் என்றும், மருமகள் வாசலால் வரக்கூடாது என்று அங்கே வந்து உட்கார்ந்தவர் பிறகு எழும்பவேயில்லை என்றும் அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நகர மண்டபத்து உச்சியில் கொடியோடு ஒரு செப்புக் காவல்காரன் நிற்கிறான். அவனுக்கும் விசா கிடைக்கவில்லை, அதனால்தான் கீழே இறங்காமல் நிற்கிறான் என்பார். சதுக்கத்தின் ஓரத்தில் பல நூறு வருடப் பழைமையான மருந்துக்கடை ஒன்று. பொடியன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், பனடோல் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு, கொஞ்சம் சூடு காய்ந்துவிட்டு வருவார்களாம். அங்கே நின்ற பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லையாம்.

லண்டனிலும் அவர் இதை விடவில்லை. புதிதாக வந்த பொடியன்கள் ஒரு அறைக்குள் ஆறேழு பேராக அடைந்துகிடப்பார்கள், வெளியே போகப் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் கிளப்பிக்கொண்டு தேம்ஸ் கரைக்குப் போவார். ஒருமுறை நானும் போனேன். டவர் பாலம் ஒரு ராணியின் சீதனம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் பிளந்து தரச்சொல்லிக் கேட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு பொடியன் இது உண்மையா என்று கேட்டான். உண்மையோ பொய்யோ, நீ இப்போது அறையை விட்டு வெளியே வந்து நிற்கிறாய் அல்லவா என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆற்றங்கரையில் காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போக, படித்த ஒருத்தி நின்று இந்தப் புளுகைக் கேட்கவேண்டுமா என்று நினைத்தேன்.

அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் இதே ரூரிஸ்றால்தான். எங்களிடம் வருவதற்கு முன்பு, சொலிசிட்டர் யாரும் இல்லாமல் விசாரணைக்குப் போயிருக்கிறார். அதிகாரி எல்லாம் கேட்டுவிட்டு, தாலினில் அவ்வளவு காலம் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். அதிகாரியின் சட்டைத் தோளில் சீருடைப் பட்டி ஒன்று இருந்ததாம். இவர் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். "ரூரிஸ்ற், சேர். வெரி நைஸ் சிற்றி." அதோடு நில்லாமல், பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் முடிவு செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு பழைமையான நகரத்தில் ஒரு பனிகாலம் முழுவதும் உல்லாசமாகச் சுற்றிப் பார்த்த மனிதர் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவராக இருக்கமுடியாது என்றார்கள். அப்படிப் பயந்திருந்தால் அங்கேயே புகலிடம் கேட்டிருப்பார் என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையில்லை.

அவருடைய மனைவியும் சின்ன மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்தவர்கள். இவருக்கு அகதி அங்கீகாரம் கிடைத்தால் உடனே லண்டனுக்கு வரலாம், கிடைக்காவிட்டால் இவரே அங்கே போகவேண்டியதுதான். குண்டு வெடிக்கும்போதெல்லாம் பொலிஸ் லொட்ஜுக்கு வந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு போகும். மனைவியையும் பிள்ளையையும் ஒருமுறை கொண்டுபோய் ஒரு இரவு முழுவதும் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு அதன் பிறகு சீருடையைக் கண்டால் காய்ச்சல் வந்தது. இதை அவர் என்னிடம் சொன்னது எங்கள் அலுவலகத்துச் சுவர்க்கடிகாரம் எந்த நாட்டில் செய்தது என்று விசாரித்துவிட்டு.

மேன்முறையீட்டுக்கு நாள் வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. சொலிசிட்டர் அம்மா, ஆயுள் முழுக்கச் சளித் தடிமனோடு வாழ்ந்தவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், தாலினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இந்த மனிதரின் வாயிலிருந்து வரக்கூடாது. நான் அவரை இருத்தி வைத்துப் படிப்பித்தேன். குளிர் என்று சொல்லுங்கள், பசி என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள், கோபுரம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஆனால் அந்த ஊரைக் குறை சொல்ல ஏலாது, தங்கச்சி," என்றார் கடைசியில். "எங்களை ஒருநாளும் கலைச்சுத் துரத்தேல்லை."

மேன்முறையீடு நடந்தது மத்திய லண்டனில் ஒரு சின்ன அறையில். ஒரு நீள மேசை, தண்ணீர்க் கூசா, மூடியே கிடந்த ஒரு யன்னல். தீர்ப்புச் சொல்பவர் அரைக்கண்ணாடி போட்ட வயதானவர். அரசாங்கத் தரப்பில் ஒரு இளைஞன், சுத்தமாகச் சவரம் செய்து, கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கமெராவை வெளியே கழற்றி வைக்கச் சொன்னதில் கைட் அண்ணைக்குக் கழுத்து வெறுமையாக இருந்தது. அங்கே கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இளைஞன் நேராகத் தாலினுக்குப் போனான். நகர மண்டபம் பார்த்தீர்களா? ஓம். கோட்டைச் சுவர்? ஓம். பெரிய தேவாலயம், மருந்துக்கடை, குன்றின்மேல் உள்ள காட்சிமேடை? ஓம், ஓம், ஓம். நான் ஒவ்வொரு 'ஓம்'மையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். இவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று இளைஞன் கேட்டான். சொலிசிட்டர் அம்மா ஆட்சேபித்தார். தீர்ப்பாளர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடிக்கு மேலால் கைட் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தானும் மனைவியும் போன கோடையில் தாலினுக்குப் போயிருந்ததாகத் தீர்ப்பாளர் சொன்னார். எங்களுக்கு வந்த கைட் மிக மோசம் என்றார். நீங்கள் அந்தப் பொடியன்களுக்கு என்ன விளக்கம் சொன்னீர்கள், அதை அப்படியே எனக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். மாமியார் கதையும் விசா கதையும் வரப்போகிறது, நானும் அதை ஒரு சொல் குறையாமல் 'நான்' 'நான்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்போகிறேன், அந்த லொட்ஜில் இருக்கும் பிள்ளைக்கு இனி லண்டன் இல்லை என்று நினைத்தேன்.

கைட் அண்ணை எழுந்தார். ஒரு கையைக் குடை பிடிப்பதுபோல் தூக்கினார். பிறகு தீர்ப்பாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சொலிசிட்டர் அம்மா பதறிப்போய், மரியாதை இல்லை, அவரைப் பார்த்துப் பேசச் சொல் என்று என்னிடம் கிசுகிசுத்தார். நான் சொன்னேன், கைட் அண்ணை கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும், எங்களுக்குப் பின்னால் இருந்த கதவையும் பார்த்துக்கொண்டு, அந்த அறிவிப்பாளர்க் குரலில் தொடங்கினார்.

"எல்லாரும் கிட்ட வாங்கோ. இதுதான் நகர மண்டபம். மேல பாருங்கோ. மருந்துக்கடைப் பக்கம் ரெண்டு பொலிஸ் நிக்கினம், ஒருத்தரும் திரும்பக்கூடாது. சிரிச்சுக்கொண்டு மேல பாருங்கோ. ஏஜென்சிக்காரன் இண்டைக்கும் வரேல்லை. நாளைக்கு வருவன் எண்டிருக்கிறான், நான் நம்பேல்லை, நீங்களும் நம்பாதேங்கோ. இனி இடப்பக்கம் பாருங்கோ. சப்பாத்துக்குள்ள ஆருக்குப் பனித்தண்ணி புகுந்திட்டுது? கையைத் தூக்காதேங்கோ, தலையை ஆட்டினால் காணும். ரெண்டு பேர். சரி, நீங்கள் ரெண்டு பேரும் முதல்ல மருந்துக்கடைக்குப் போங்கோ. மற்றவை படம் எடுங்கோ. ஆறுதலா எடுங்கோ, ஓடாதேங்கோ, ஓடுறவனைத்தான் பிடிப்பினம்."

நான் ஆங்கிலத்தில் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலமும் அவர் அந்தப் பொடியன்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கதைகளெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு, சிரிக்க வைப்பதற்காகச் சொன்னவை. தெருவில் சொன்னது இது.

இரண்டடி நகர்ந்தார். இப்போது பெரிய தேவாலயத்தின் கீழே நிற்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது.

"இது பெரிய கோயில். ஒருகாலம் உலகத்திலேயே உயரமான கோபுரமாம். தம்பி, நீ கொஞ்சம் முன்னுக்கு வா. நேற்று நான் ரெலிபோன் எடுத்துக் கதைச்சனான். உன்ரை அண்ணன் போயிட்டான், தம்பி. ஷெல் விழுந்ததாம். இப்ப கீழ பாக்காதை. மேல பார், உச்சியைப் பார். எல்லாரும் அவனோடை சேர்ந்து மேல பாருங்கோ. அண்ணாந்து பாத்தால் குளிருக்கு ஆருக்கும் கண்ணீர் வரும். ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம். நீ அழு. நான் கோபுரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிக்கிறன்."

அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டேன். அத்தனை வருட வேலையில் அதுதான் முதல் தடவை. தீர்ப்பாளர் காத்திருந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டு, உன்னுடைய அண்ணன் இறந்துவிட்டான், மேலே பார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அரசாங்கத் தரப்பு இளைஞன் தன்னையறியாமல் கூரையைப் பார்த்தான்.

கைட் அண்ணை கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார். பிறகு தீர்ப்பாளர், அந்தக் கோபுரத்தின் உச்சி என்ன நிறம் என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் போய்ப் பார்த்த ஒருவர் கேட்கிற கேள்வி அது. ஒரு பனிகாலம் முழுவதும் அதன் கீழே நின்ற மனிதருக்கு அது தெரியாவிட்டால் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

"தெரியாது, ஐயா," என்றார் கைட் அண்ணை.

சொலிசிட்டர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் 'எனக்குத் தெரியாது' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாயாலேயே அந்த வழக்கைத் தோற்கடித்ததுபோல் இருந்தது. இளைஞன் எதையோ எழுதத் தொடங்கினான். நீங்கள் வெகு அழகான நகரம் என்று சொல்லியிருக்கிறீர்களே என்றார் தீர்ப்பாளர்.

"ஓம். வடிவு எண்டு பெடியள் சொன்னவங்கள். நான் பாக்கேல்லை. காட்டுறவன் அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே நிக்கவேணும், ஐயா. நான் அவங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவங்களுக்குப் பின்னால பொலிஸ் வருதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ஒன்பது பேர். ஒருத்தனையும் விடாமல் கப்பல் ஏத்தினனான். கோபுரத்தை நான் ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை."

தீர்ப்பு தபாலில் வர ஒன்றரை மாதம் எடுத்தது. நீளமான தீர்ப்பு. சட்டம் பேசும் பகுதிகளுக்கு நடுவில் ஒரு வரி மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. விண்ணப்பதாரர் தாலின் நகரைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். வென்றுவிட்டோம். நான் படியிறங்கிப் போய்ச் சேலைக்கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் விலை கூடிப்போய்விட்டது என்று அழுகிறேனோ என்று விசாரித்தார்.

மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். மனைவி மெலிந்த, அளந்து பேசுகிற பெண். மகளுக்கு ஹீத்ரோவில் முதலில் அவரைக் கண்டபோது கிட்டப் போகத் தயக்கமாக இருந்ததாம். பெற்றோல் நிலையத்திலிருந்து நேரே சீருடையோடு போய் நின்றிருக்கிறார்.

பிரயாணப் பத்திரம் கையில் கிடைத்ததும் அவர் முதலில் கேட்டது தாலினுக்கு விசா எடுப்பது எப்படி என்றுதான். மனைவிக்கு விருப்பமில்லை. இருக்கிற காசுக்குக் கட்டில் ஒன்று வாங்கலாம் என்றார். ஆனால் ஒரு தடவை அந்த ஊரை வடிவாகப் பார்க்கவேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். நான்தான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுத்தைச் சரிபார்த்தார்.

ஆடி மாதம் போய் ஐந்து நாள் நின்றுவிட்டு வந்தார்கள். வந்த கிழமை மனைவி மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி சொக்கிலேட் கொண்டுவந்தார். அவர் வேலையில் இருந்தார். ஊர் எப்படி என்று கேட்டேன். வடிவான ஊர், நல்ல வெயில், சனம் நெரிபட்டது என்றார். அந்தப் பெரிய கோபுரத்தைக் கடைசியில் அவர் பார்த்தாரா என்று கேட்டேன்.

அதன் கீழே கொண்டுபோய் எங்களை நிறுத்தினவர்தான், என்று தொடங்கினார் மனைவி. பொலிஸ் இல்லை, பயம் இல்லை, பனியும் இல்லை. கமெராவுக்கு நானே பிலிம் வாங்கிப் போட்டிருந்தேன். ஆனால் மனிதர் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கையைப் பிடித்து இழுத்து, அப்பா திரும்புங்கோ, பச்சை நிறம், திரும்பிப் பாருங்கோ என்று எத்தனையோ தரம் சொன்னாள்.

"அதுக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் பாருங்கோ, நான் நிக்கிறன் எண்டவர்."